புதைவண்டு குடும்பம் நடத்துவதை அருகிலிருந்து பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

புழு தலையைத் தூக்குகிறது. கால்களை ஆட்டி, மேலே நிற்கும் பெரிய வண்டின் வாயைத் தட்டுகிறது. வண்டு தாடையை விரித்து, தான் தின்று பாதி செரித்த இறைச்சிக் கூழைக் கக்கி ஊட்டுகிறது. அது முடிவதற்குள் பக்கத்துப் புழு முண்டியடித்துக்கொண்டு வருகிறது. பறவைக் கூட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பது மண்ணுக்குள், மயிர் மழித்த ஒரு செத்த எலியின் மேல்.

பூச்சிகளில் பெரும்பாலானவை முட்டை இட்டதோடு சரி. பிள்ளை பிழைத்ததா, செத்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நிக்ரோஃபோரஸ் பேரினத்தைச் சேர்ந்த சுமார் 70 வகைப் புதைவண்டுகள் அப்படி இல்லை. தாய் ஊட்டுகிறது, தகப்பனும் ஊட்டுகிறது. பூச்சி உலகத்தில் இந்த இரண்டாவதுதான் அபூர்வம். 1933-இல் எர்னா புகோவ்ஸ்கி என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்த ஊட்டலை விரிவாக எழுதிவைத்தார். விலங்குகளின் குடும்ப வாழ்க்கையை ஆராய்பவர்களுக்கு இந்த வண்டு இன்றைக்கும் செல்லப்பிள்ளை. காரணம் எளிது: ஒரு குடும்பத்தின் பிள்ளை வளர்ப்பை ஒரு சின்ன டப்பாவுக்குள், ஒன்றரை வாரத்துக்குள் முழுதாகப் பார்த்துவிடலாம்.

கீழே சொல்லும் நாள் கணக்கெல்லாம் அதிகம் ஆராயப்பட்ட நிக்ரோஃபோரஸ் வெஸ்பிலாய்டிஸ் இனத்துக்கு, சுமார் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். வேறு இனம் என்றாலோ வெப்பம் மாறினாலோ நாளும் மாறும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். செத்த எலி வளராது. அதுதான் வீடு, அதுதான் தொட்டில், அதுதான் மொத்த உணவுக் கையிருப்பு; தீர்ந்தால் நிரப்ப வழியில்லை. இந்த வண்டுகள் போடும் சண்டை, காட்டும் பாசம், செய்யும் கொலை எல்லாமே அந்த எலியின் எடைக்குள் அடங்கும் கணக்குதான். இதை விடாமல் பிடித்துக்கொண்டால் அடுத்து என்ன நடக்கும் என்று பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம்.

எந்த வண்டு, எங்கே

கறுப்பு உடல், முதுகில் இரண்டு ஆரஞ்சுப் பட்டை, நுனியில் குமிழ் வைத்த உணர்கொம்பு. பல இனங்களுக்கு இதுதான் அடையாளம். ஐரோப்பாவில் வெஸ்பிலாய்டிஸுக்குக் கொம்பின் குமிழ் முழுக்கக் கறுப்பு. அதே போலத் தோன்றும் வெஸ்பில்லோவுக்குக் குமிழ் ஆரஞ்சு, பின்னங்காலும் வளைந்திருக்கும். ஹியூமேட்டருக்கு உடல் முழுக்கக் கறுப்பு, குமிழ் மட்டும் ஆரஞ்சு. வெஸ்பில்லோ என்ற பெயரை 1758-இல் வைத்தவர் லின்னேயஸ். பழைய ரோமில் ஏழைகளின் பிணத்தை இரவில் சுமந்து சென்றவர்களுக்கு வழங்கிய பெயர் அது.

இவை பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் குளிர், மித வெப்பப் பகுதிகளில் வாழ்பவை. ஆசியாவில் நேபாலென்சிஸ் என்ற இனம் மலைகளில் உண்டு. வெப்பமான சமவெளியில் தேடி அலையாதீர்கள். அங்கே எறும்பும் ஈயும் இவற்றுக்கு முன்பே எலியை முடித்துவிடும்.

சட்டத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வட அமெரிக்காவின் மிகப் பெரிய புதைவண்டான அமெரிக்கானஸ், அழிவின் விளிம்பில் இருப்பதாக 1989-இல் பட்டியலிடப்பட்டது. 2020-இல் ஒரு படி கீழே இறக்கினார்கள் என்றாலும் பாதுகாப்பு நீங்கவில்லை. அது திரியும் பகுதியில் அனுமதி இல்லாமல் பொறியே வைக்கக் கூடாது.

படி 1: பிடிப்பது

வாய் அகன்ற ஜாடி ஒன்றை, விளிம்பு தரைமட்டத்தில் வருமாறு மண்ணில் இறக்குங்கள். அடியில் மழைநீர் வடிய ஓட்டை வேண்டும். ஒரு பிடி ஈரமண்ணும் பாசியும் உள்ளே போட்டு, நாறத் தொடங்கிய இறைச்சித் துண்டை வலை கட்டிய சின்னக் கிண்ணத்தில் வைத்துத் தொங்கவிடுங்கள். வண்டுக்கு வாசம் எட்டினால் போதும், இறைச்சி எட்ட வேண்டாம். ஜாடிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு பலகைக் கூரை. நரியும் பூனையும் இழுக்காதபடி அதன் மேல் கனமான கல். தினமும் காலையில் தவறாமல் பாருங்கள். ஒரு நாள் விட்டாலும் உள்ளே விழுந்தவை ஒன்றையொன்று கடித்து, கால் போன வண்டுகள்தான் மிஞ்சும்.

அழுகலிலிருந்து கிளம்பும் கந்தகச் சேர்மங்களை அந்தக் கொம்புக் குமிழ்கள் வெகு தொலைவிலிருந்தே பிடித்துவிடும். பறந்து வரும்போது பெருந்தேனீ போல ரீங்காரம் கேட்கும். டொமென்டோசஸ் என்ற அமெரிக்க இனம் இதில் ஒரு படி மேலே போய், பறக்கும்போது முன்சிறகைப் புரட்டி மஞ்சள் அடிப்புறத்தை வெளியே காட்டும். பார்ப்பவருக்கு அது பெருந்தேனீயேதான்.

பிடித்த வண்டின் மேல் பழுப்புச் சிற்றுண்ணிகள் ஊர்வதைக் கண்டால் பதறாதீர்கள். அவை வண்டின் இரத்தத்தை உறிஞ்சுபவை அல்ல, வண்டை வாகனமாக்கி அடுத்த பிணத்துக்குப் போகும் பயணிகள். அங்கே போய் ஈ முட்டைகளைத் தின்னும், தாமும் இனம் பெருக்கும். குட்டிகள் அதே வண்டில் ஏறித் திரும்பும். ஈத்தொல்லை உள்ள இடத்தில் வண்டுக்கு இதனால் லாபம். டப்பாவில் ஈ வராது என்பதால் இவை வெறும் பந்திக் கூட்டம்தான். மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.

படி 2: தனித்தனியே வைப்பது

ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு சின்ன டப்பா, கொஞ்சம் ஈரமண். வாரத்துக்கு இருமுறை கொத்திய இறைச்சியோ ஒரு மாவுப்புழுவோ போதும். ஒன்றாக வைத்தால் சண்டையும் கூடலும் நடந்து உங்கள் கணக்கெல்லாம் குழம்பும்.

ஆண் எது, பெண் எது என்பது முதல் நாள் தலைவலி. பல இனங்களில் தலையின் முன்பக்கம், தாடைக்குச் சற்று மேலே ஒரு ஆரஞ்சுச் சவ்வு தெரியும். ஆணுக்கு அது பெரியது, பெண்ணுக்குச் சின்ன முக்கோணம். வெஸ்பிலாய்டிஸில் வயிற்றின் நுனியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளியில் பிடித்த பெண் ஏற்கனவே கூடி, விந்தைச் சேமித்து வைத்திருக்கக்கூடும். ஆகவே நீங்கள் சேர்க்கும் ஆண்தான் தகப்பன் என்று முதல் தலைமுறையில் அடித்துச் சொல்லாதீர்கள். உங்கள் டப்பாவிலேயே பிறந்து, தனியே வளர்ந்த அடுத்த தலைமுறையில்தான் அந்தக் கணக்கு சுத்தமாக நிற்கும்.

படி 3: டப்பாவும் எலியும்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பா, நீளம் 17, அகலம் 12, உயரம் 6 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ஒரு ஜோடிக்குப் போதும். மண்ணின் ஆழத்தில்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். எலி மண்ணுக்குள் இறங்குவதைப் பார்க்க ஆசை என்றால் பத்து சென்டிமீட்டர் உயர மண் தாங்கும் டப்பா எடுங்கள். ஊட்டலைப் பார்க்க ஆசை என்றால் இரண்டு சென்டிமீட்டர் மண் போதும். எலி பாதி வெளியில் தெரியும், வண்டும் அதைச் சகித்துக்கொள்ளும். இரண்டும் வேண்டும் என்று நடுவில் நின்றால் இரண்டும் கிடைக்காது. முதல் முறைக்கு நான் சொல்வது ஆழமில்லாத மண்.

மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உரம், பூச்சிமருந்து கலக்காத மண் முக்கியம். மூடியில் குண்டூசித் துளை போதும். துளை பெரிதானால் சின்ன ஈக்கள் நுழைந்து ஒரே இரவில் முட்டை போட்டுவிடும்.

எலி 10 முதல் 25 கிராம் எடைக்குள் இருக்கட்டும். ஊர்வன வளர்ப்பவர்களுக்காக விற்கும் உறைந்த எலியே நல்லது. உள்வரை பனி விடும்வரை காத்திருங்கள். பொறியில் விழுந்த எலி வேண்டாம், அது விஷம் தின்றிருக்கலாம். வைக்கும் முன் எடை போட்டு டப்பாவின் மேலேயே எழுதுங்கள். கடைசியில் எல்லாம் இந்த எண்ணில்தான் வந்து நிற்கும். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். இதை விளக்கத் தேவையில்லை.

படி 4: முதல் இரவு

மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டு, டப்பாவை இருட்டு அலமாரியில் வையுங்கள். பார்க்கும்போது சிவப்பு விளக்கு மட்டும். வெள்ளை வெளிச்சம் பட்டதும் இரண்டும் மண்ணுக்குள் ஓடிவிடும்.

வண்டு எலியின் மேல் ஏறி ஒரு சுற்று நடக்கும், கொம்பால் தடவும், பிறகு அடியில் நுழைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் செத்த எலி அசையும். முதல் முறை பார்ப்பவருக்கு முதுகு சிலிர்க்கும். எலிக்கு அடியில் வண்டு மல்லாந்து படுத்து, ஆறு காலாலும் எலியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மண் இறுகியிருந்தால் இப்படியே இளகிய மண்ணைத் தேடி எலியை நகர்த்தும். இடம் பிடித்துப்போனால் அடிமண்ணைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி எலியைக் கீழே இறக்கும்.

அடுத்து மழிப்பு. தாடையால் மயிரை வேரோடு கத்தரித்து ஒதுக்கி, தோலை இழுத்து மடக்கி, எலியை உருண்டையாக்கும். வாயிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் வரும் திரவத்தை அந்த உருண்டை முழுக்கப் பூசும். ஆசனவாய்த் திரவத்தில் லைசோசைம் இருக்கிறது. நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் பாக்டீரியாவைக் கொல்லும் அதே நொதி. பூச்சின் வேலை கிருமியைக் கொல்வதோடு முடிவதில்லை. வண்டின் குடலில் வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் எலியின் மேல் குடியேறி, உள்பக்கம் ஒரு வழுவழுப்பான படலமாகப் படர்கின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தப் படலத்தை நீக்கிப் பார்த்தபோது புழுக்களின் வளர்ச்சி குன்றியது. அழுகலைத் தடுப்பது என்று சொல்வதைவிட, அழுகலைத் தன் கைக்குள் வைத்துக்கொள்வது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் மயிரில்லாத, பளபளக்கும் உருண்டை இருக்கும். நீங்கள் பயந்த அளவுக்கு நாறவும் நாறாது.

டப்பாவில் நீங்கள் பார்க்க முடியாத ஒரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். வெளியில் ஒரு எலிக்குப் பல வண்டுகள் வந்துசேரும். ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் மோதும். பெரும்பாலும் உடல் பெரியது ஜெயிக்கும். தோற்ற பெண் சும்மா போய்விடுவதில்லை. பக்கத்திலேயே ஒளிந்திருந்து, சந்தடி சாக்கில் தன் முட்டைகளையும் போட்டுவிட்டுப் போகும். ஆண் மட்டும் வந்து பெண் வராவிட்டால், வயிற்றைத் தூக்கித் தலைகீழாக நின்று ஃபெரோமோன் வாசனையைக் காற்றில் விட்டு அழைக்கும். பிணம் பெரிதாக இருந்தால் மனைவி வந்த பிறகும் இன்னொருத்திக்கு அழைப்பு விடுவதுண்டு. அப்போது முதல் பெண் பின்னாலிருந்து வந்து கடித்துத் தள்ளி அந்தக் கோலத்தைக் கலைக்கும். இதை 1995-இல் சோதனை செய்தே நிரூபித்தார்கள்.

எதிரி ஈயாக இருந்தால் இந்தப் பகையே மாறிவிடும். தைவான் மலைகளில் நேபாலென்சிஸ் வண்டுகளைப் பார்த்த ஆய்வாளர்கள் 2014-இல் இதை எழுதினார்கள். குளிர்ந்த உயரத்தில் தங்களுக்குள் அடித்துக்கொள்பவை, ஈ மிகுந்த வெப்பமான தாழ்வில் கூட்டாகச் சேர்ந்து பிணத்தை விரைவாகப் புதைக்கின்றன.

படி 5: முட்டை. இங்கே கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

உருண்டையைச் சுற்றியுள்ள மண்ணில் வெள்ளை நிற நீள்முட்டைகளைப் பெண் போடும். ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர். டப்பாவைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தால் பிளாஸ்டிக்கோடு ஒட்டினாற்போல் சில தெரியும். அவற்றை எண்ணிக் குறியுங்கள். அது முழு எண்ணிக்கை ஆகாது. முழுதும் வேண்டும் என்று மண்ணைக் கிளறினால் பாதி நசுங்கும்.

முட்டை பொரிய இரண்டரை நாள் அளவில் ஆகும். அதற்குள் பெற்றோர் உருண்டையின் மேல்பக்கம் ஒரு குழி கடித்துத் திறந்துவைக்கும். பிள்ளைகளுக்கான சாப்பாட்டு மேசை அது.

படி 6: புழு வரும் நேரம்

பொரிந்த புழுக்கள் மண்ணுக்குள் தாமாக ஊர்ந்து வந்து குழியில் கூடும். டப்பாவைக் காதருகே வைத்தால் கிறீச்சென்ற மெல்லிய ஒலி கேட்கலாம். வண்டு தன் வயிற்றுத் தகட்டின் வரிகளை முன்சிறகில் உரசி எழுப்புவது.

இங்கேதான் நான் முதல் முறை கெடுத்தேன். ஒரு டப்பாவில் பெற்றோர் இரண்டும் செத்துப்போக, அநாதையான புழுக்களை வேறொரு ஜோடியிடம் வளர்க்கக் கொடுக்கலாம் என்று தூரிகையால் எடுத்து அவற்றின் எலி மேல் வைத்தேன். அந்த ஜோடியின் முட்டைகள் அப்போது பொரிந்திருக்கவில்லை. பெண் வண்டு வந்தது, கொம்பால் ஒரு தடவு தடவியது, முதல் புழுவைத் தாடையில் கவ்வித் தின்றது. பிறகு அடுத்ததை. பத்து நிமிடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தன் பிள்ளை எது, பிறர் பிள்ளை எது என்று இந்த வண்டுக்கு முகம் பார்த்துத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நேரம். தான் முட்டை போட்டதிலிருந்து பொரிய வேண்டிய காலத்துக்கு முன்னால் எந்தப் புழு வந்தாலும் அது வேறொருத்தியுடையது, கொல். அந்தக் காலம் வந்துவிட்டால் வருகிற எல்லாமே தன்னுடையது, ஊட்டு. முல்லர், எகர்ட் இருவரும் 1990-இல் காட்டிய விஷயம் இது. ஒளிந்திருந்து முட்டை போட்டவளின் பிள்ளைகள் நேரம் தப்பி வந்தால் உணவாகும். நேரத்தோடு வந்தால் ஊட்டல் கிடைக்கும். எனவே புழு மாற்றிவைக்கும் சோதனை செய்ய விரும்பினால், வளர்க்கும் ஜோடியின் சொந்தப் புழு ஒன்றாவது எலிக்கு வந்துசேர்ந்த பிறகுதான் செய்யுங்கள்.

நேரத்தோடு வந்த சொந்தப் பிள்ளைக்கும் முழு உத்தரவாதம் கிடையாது. பெண் முட்டையைத் தாராளமாகப் போட்டுவிடும், எலியோ அளவானது. முதல் நாளிலேயே பெற்றோர் மிகுதியான குட்டிப்புழுக்களைத் தின்று, மிஞ்சியவை எலிக்குத் தக்க அளவில் நிற்கும்படி குறைத்துவிடும். எலியின் எடையை எழுதச் சொன்னது இதற்காகத்தான். 12 கிராம் எலியையும் 24 கிராம் எலியையும் அடுத்தடுத்த டப்பாக்களில் வைத்து, முட்டைகளையும் கடைசியில் மிஞ்சும் புழுக்களையும் எண்ணிப் பாருங்கள்.

படி 7: ஊட்டல்

முதல் இரண்டு நாள்தான் கண்காட்சி. பொரிந்து சுமார் ஒரு நாளில் ஊட்டல் உச்சத்தில் இருக்கும். சிவப்பு விளக்கில் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பெற்றோர் குழியை நெருங்கியதும் புழுக்கள் மொத்தமாகத் தலை தூக்கும். பத்து நிமிடத்தில் தாய் எத்தனை முறை ஊட்டியது, தகப்பன் எத்தனை முறை, யார் உருண்டையைப் பூசி மெழுகிக்கொண்டிருந்தது என்று மூன்று கட்டம் போட்டுக் கோடு இழுங்கள். பெரும்பாலும் தாயின் கட்டம்தான் நிறையும். தகப்பன் காவலிலும் பராமரிப்பிலும் அதிக நேரம் செலவிடும்.

தகப்பன் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். தாயை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதன் ஊட்டல் கூடும். இருவரையும் எடுத்தால் இனத்துக்கு இனம் விளைவு வேறு. வெஸ்பிலாய்டிஸ் புழுக்களால் தாமாகவும் தின்ன முடியும். குறைவாகவே பிழைத்தாலும் பிழைக்கும். வட அமெரிக்காவின் ஆர்பிகோலிஸ் புழுக்கள் அநேகமாக எல்லாமே செத்துவிடும்.

ஊட்டல் நாட்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் இரண்டு நாளும் விடாமல் கூடிக்கொண்டிருந்த ஜோடி இப்போது கூடுவதைக் குறைத்துவிடும். பிள்ளைகள் கெஞ்சும் காலத்தில் பெண் முட்டை போடாது. அதோடு மெத்தில் ஜெரனேட் என்ற வாசனையை விட்டு, இப்போது வேண்டாம் என்று ஆணுக்குத் தெரிவிக்கும். 2016-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆண் அந்த வாசனையை மதிக்கிறது.

படி 8: பிரிவு

வெளியுலகில் தகப்பன் முதலில் கிளம்பிவிடும். தாய் கடைசிவரை இருக்கும். டப்பாவில் கிளம்ப வழியில்லாததால் தகப்பன் எலியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும், அதாவது பிள்ளைகளின் பங்கைத் தின்னும். ஊட்டல் குறைந்து, ஆண் மூடியோரமாகச் சுற்றத் தொடங்கினால் எடுத்துத் தன் பழைய டப்பாவுக்கு அனுப்புங்கள்.

ஜோடியை விட்ட எட்டாம் நாள் அளவில் எலி எலும்பும் தோலுமாகிவிடும். கொழுத்த, வளைந்த, மஞ்சள் கலந்த வெள்ளைப் புழுக்கள் அதை விட்டு மண்ணுக்குள் சிதறும். அப்போதே எடுத்து எண்ணி, மொத்தமாக எடை போட்டு, புழுவுக்குச் சராசரி பாருங்கள். வெஸ்பிலாய்டிஸில் ஒரு புழு 0.15 கிராமை ஒட்டி வரும். அதே எலியில் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றும் சிறுக்கும்.

இந்தச் சராசரி வெறும் எண் இல்லை. இதற்குப் பிறகு புழு வண்டாகும்வரை ஒரு வாய் தின்னாது. வண்டானபின் எவ்வளவு தின்றாலும் உடல் நீளம் கூடாது. நாளைக்கு இன்னொரு எலியின் மேல் சண்டை வரும்போது அது ஜெயிக்குமா, ஒளிந்திருந்து முட்டை போடுமா என்பதில் பாதி இன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. பெற்றோர் முதல் நாளில் தின்ற அந்தக் குட்டிப்புழுக்களை இப்போது நினைத்துப் பாருங்கள்.

தாயையும் எடுத்துத் தனியே வையுங்கள். எலியின் மிச்சத்தை மண்ணோடு இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

படி 9: கூட்டுப்புழுவும் புது வண்டும்

சல்லடையில் சலித்த ஈரமண்ணை நிரப்பிய டப்பாவில் புழுக்களை விடுங்கள். ஒவ்வொன்றும் மண்ணில் தனக்கென ஒரு அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகும். மூன்று வாரம் மண் காயாமல், டப்பா ஆடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அறை உடைந்தால் வண்டு கோணலாக வெளிவரும்.

வெளிவரும்போது உடல் வெளிறி, மிருதுவாக இருக்கும். இரண்டொரு நாளில் இறுகிக் கறுக்கும். இறுகியதும் தாமதிக்காமல் தனித்தனி டப்பாவுக்கு மாற்றி, பிறந்த தேதியையும் எந்த ஜோடியின் பிள்ளை என்பதையும் ஒட்டிவிடுங்கள். கூடப்பிறந்தவற்றையே ஜோடி சேர்த்துவிடாமல் இருக்க இந்தச் சீட்டு தேவை. மிகுதியானவற்றை விட்டுவிடுவதானால் பெற்றோரைப் பிடித்த அதே இடத்தில் மட்டும் விடுங்கள். வைத்துக்கொள்பவை முதிர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த எலியை எடை போட்டு வைத்துவிடலாம்.